கண்ணீருக்கு முன் வந்த விளக்கம்

எங்கள் பகுதியில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பெண்கள் பிரேதத்தைச் சுற்றியிருந்து ஒப்பாரி வைப்பார்கள். வெளியே பந்தலின் கீழ் ஆண்கள் கதிரைகளில் அமர்ந்து ஆராய்ச்சி நடத்துவார்கள். "சீனி கூடிப்போயிருந்ததாம்", "முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் தப்பியிருப்பார்", "இது இப்போது எல்லா இடத்திலும் வருகிற நோய்தான்" என்று நோயின் பெயர், மருந்தின் பெயர், மூச்சு நின்ற நேரம் எல்லாம் அலசப்படும். பல வேளைகளில் இறந்தவரின் மூத்த மகனே அந்த ஆராய்ச்சியில் முன்னுக்கு நின்று பேசிக்கொண்டிருப்பார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே விவரத்தை, ஒரே ஒழுங்கில், குரல் தடுமாறாமல் எடுத்துச் சொல்வார். "மனுசன் நல்ல திடமாக நிற்கிறார்" என்று ஊர் மெச்சும்.

அது திடந்தானா என்பதே என் கேள்வி.

மனத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்ட் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் உபாயங்களை விரித்துரைத்தார். அவற்றுள் ஒன்று, தாங்க முடியாத உணர்ச்சியை அறிவுக்குரிய பொருளாக மாற்றிவிடுவது. தமக்குள் பொங்கும் கொந்தளிப்பை அடக்கமாட்டாத இளைஞர்கள் வாழ்வு, மரணம், சுதந்திரம், புரட்சி என்று பெரும் தத்துவ விவாதங்களில் இறங்குவதை அவர் அவதானித்தார். விவாதம் உயர்ந்ததாக இருக்கும்; ஆனால் அதில் பேசப்படும் பொருள் பேசுகிறவருடைய சொந்தப் புண்ணாக இருக்கும். அவரோ அதைத் தம்முடையதென்று சொல்லமாட்டார். பொதுவாக மனிதனைப் பற்றிப் பேசுவதாகவே சொல்வார்.

அன்னா பிராய்டின் நூலை நான் அறிவதற்கு முன்பே, இந்த உபாயத்தில் நான் கைதேர்ந்தவனாயிருந்தேன். இதை ஒரு பாவசங்கீர்த்தனம் போலவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று காலையில் கடல் வந்ததை இங்குள்ள எவருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் அப்போது குருமட மாணவன், நத்தார் விடுமுறையில் வீட்டில் நின்றேன். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு மணற்கீற்றாய்க் கிடந்த நாவலடி, ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. கல்லடி, டச்பார் என்று கரை நெடுகிலும் அழிவு. சில நாட்களுக்குப் பின், பாடசாலையொன்றில் தங்கியிருந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க எங்களை அனுப்பினார்கள். அங்கே இரண்டு பிள்ளைகளையும் கொடுத்துவிட்டு ஒரு தாய் சுவரோடு சாய்ந்திருந்தாள். என் வெள்ளைச் சேட்டையும் கழுத்திலிருந்த சிலுவையையும் பார்த்து, "ஏன் பிரதர் கடல் வந்தது?" என்று கேட்டாள்.

நான் விளக்கினேன்! சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் நழுவியதையும், ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர் அளவுக்குப் பாறை பிளந்ததையும், ஆழ்கடலில் அலை விமானத்தின் வேகத்தில் வருமென்பதையும், எங்கள் கரையை அடைய இரண்டு மணித்தியாலம் வரை சென்றதையும் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. மெய்யியல் வகுப்பில் படித்த இயற்கைத் தீமை, ஒழுக்கத் தீமை என்ற பாகுபாட்டையும், இயற்கை தன் விதிப்படி இயங்க இறைவன் அனுமதிக்கிறார் என்பதையும் எடுத்துரைத்தேன். சொன்னவற்றில் பெரிதாகப் பிழை எதுவும் இல்லை. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நல்லாப் படிச்சிருக்கிறீங்க பிரதர்" என்றாள். பிறகு எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தச் சொல்லில் ஏளனம் இருக்கவில்லை. அதனால்தான் அது இன்றுவரை குத்துகிறது. அவள் என்னிடம் காரணம் கேட்கவில்லை. "ஏன் வந்தது" என்பது சில வேளைகளில் கேள்வியே அல்ல. அது அழுகையின் ஒரு வடிவம். அது எனக்கு விளங்காமற் போனதற்குக் காரணம் அறியாமை மட்டுமா? அவளுக்கருகில் சும்மா நிற்பதற்கு எனக்குப் பயமாயிருந்தது. அவளுடைய துயரத்துக்கும் எனக்கும் இடையில் ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர் நீளமான ஒரு பாறையைக் கொண்டுவந்து வைத்தேன். விளக்கம் அவளுக்காகச் சொல்லப்பட்டதுபோல் தெரிந்தாலும், உண்மையில் அது எனக்காகச் சொல்லப்பட்டது.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களை எல்லாரும் ஏசுவார்கள். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் மிக நன்றாகவே நடந்துகொண்டார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் இருந்தார்கள். எங்களில் எத்தனை பேருக்கு அது இயலும்? யோபு வாய்திறந்து தன் பிறந்த நாளைச் சபித்த பின்னர்தான் அவர்கள் நிலைகுலைந்தார்கள். அந்த ஓலத்தைத் தாங்கமாட்டாமல் இறையியல் பேசத் தொடங்கினார்கள். அதன்பிறகு அந்த நூலில் பெரும்பகுதி விவாதமாகவே போகிறது.

நிற்க. இப்படிச் சொல்வதால், துன்ப வேளையில் அறிவுக்கு இடமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். குருமடத்தில் எங்களுக்குப் புகட்டப்பட்ட புனித தோமஸ் அக்குவினாஸ், துயரத்துக்கு மருந்துகள் எவை என்று ஒரு முழு அதிகாரமே எழுதியிருக்கிறார். முதலில் இன்பம் தரும் எதுவும், அடுத்துக் கண்ணீர், அதற்கடுத்து நண்பர்களின் இரக்கம், நான்காவதாக உண்மையைத் தியானித்தல், கடைசியாக நித்திரையும் குளிப்பும். வறண்ட தருக்கவாதி என்று பெயரெடுத்த மனிதர், நித்திரையையும் குளிப்பையும் மறக்கவில்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. உண்மையைத் தியானிப்பதை அவர் மிக உயர்ந்த இன்பமாகவே கருதினார். ஆயினும் வரிசையில் அது கண்ணீருக்கும் நண்பருக்கும் பின்னால் நிற்கிறது. அது வெறும் தற்செயல் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணீர் ஏன் ஆற்றுகிறது என்பதற்கு அவர் சொல்லும் காரணம், உள்ளே பூட்டி வைக்கப்பட்ட துன்பம் கூடுதலாக நோகும் என்பதே. எங்கள் பாட்டிமாரும் இதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு லத்தீன் தெரியாது.

குளிப்பு என்றதும் புனித அகுஸ்தீனார் நினைவுக்கு வருகிறார். 387ஆம் ஆண்டு ஒஸ்தியாத் துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கம்மாள் இறந்தபோது நடந்ததை, பத்தாண்டுகள் கழிந்த பின், அவரே தம் வரலாற்று நூலின் ஒன்பதாம் பாகத்தில் எழுதிவைத்தார். இந்தப் பொருள் பற்றி அதைவிட நேர்மையான பக்கங்களை நான் வாசித்ததில்லை.

தாயின் கண்களை அவர்தாம் மூடினார். பொங்கிவந்த கண்ணீரைப் பலவந்தமாய் உள்ளே தள்ளினார். அவருடைய மகன் அதெயோதாத்துஸ் ஓவென்று கதறினான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவனை அடக்கினார்கள். நம்பிக்கையோடு இறந்த ஒருவருக்காகப் புலம்புவது தகாது என்பது அவர்களுடைய நியாயம், நல்ல நியாயந்தான். பின்னர் அகுஸ்தீனார் வீட்டில் ஒரு புறமாக அமர்ந்து, வந்தவர்களோடு அந்த வேளைக்கு ஏற்ற விடயங்களைப் பற்றி உரையாடினார். எங்கள் பந்தலின் கீழ் நிற்கும் மூத்த மகனைப் போலவே! கேட்டவர்கள் இவருக்குத் துக்கமே இல்லை என்று எண்ணினார்களாம். உள்ளே அவர் தம்மோடு தாமே சண்டையிட்டுக்கொண்டிருந்தார். தாய் இறந்ததில் ஒரு துயரம். அந்தத் துயரம் தம்மை இவ்வளவு ஆட்டுகிறதே என்பதில் இன்னொரு துயரம். குளித்தால் கவலை நீங்கும் என்று கேள்விப்பட்டு குளித்தும் பார்த்தார். குளிக்கப் போனபோது எப்படியோ அப்படியே திரும்பி வந்தார். நித்திரை கொண்டு விழித்த பிறகு, படுக்கையில் தனிமையில், அம்புரோசியாரின் பாடலொன்று நினைவுக்கு வர, தாயின் பரிவு சிறிது சிறிதாக மனத்தில் திரும்பிற்று. அப்போதுதான் அழுதார். ஒரு மணித்தியாலத்தின் சிறு பகுதி மட்டுமே அழுததாகக் கணக்கும் சொல்கிறார். அதைக் குற்றமென்று காண்பவர் தம்மைப் பார்த்து நகைக்காமல் தமக்காக அழட்டும் என்கிறார்.

நான் முதன்முறை அதை வாசித்தபோது என்ன செய்தேன் தெரியுமா? அகுஸ்தீனாரில் பிளேட்டோவாதத்தின் செல்வாக்கு என்று ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினேன்.

தமிழ் மரபிலும் இதற்கு ஒத்த ஒருவர் உண்டு. பட்டினத்தாரைவிடப் பற்றறுப்பைக் கடுமையாகப் பாடியவர் யார்? உடம்பையும் உறவையும் செல்வத்தையும் பொய்யென்று தூக்கியெறிந்தவர். அவரே தாயின் சிதைக்கு முன் நின்றபோது, பத்து மாதம் சுமந்ததையும் பாலூட்டியதையும் சொல்லிச் சொல்லிக் கரைந்தார் என்பது எல்லாரும் அறிந்த வரலாறு. அவருக்கு ஞானம் குறைந்துவிட்டது என்று தமிழர் யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்திலும் பாருங்கள்: கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வேதவிளக்கங்கள் நிறைய எழுதினார். ஆயினும் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தபசு காலத்தில் ஆண்டாண்டாய்ப் பாடி வந்தது அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத்தான். ஒப்பாரி போல் இழுத்துப் பாடப்படும் அதைக் கேட்கும் கிழவிகள், யேசுவின் பாடுகளுக்காக அழுகிறார்களா, தங்கள் பிள்ளைகளுக்காக அழுகிறார்களா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிக்கவும் வேண்டாம்.

அறிவைக் கொண்டு துயரத்தைத் தடுப்பது எப்போதும் பிழையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். சத்திரசிகிச்சை செய்கிற வைத்தியர் கத்தியைப் பிடித்தபடி அழ முடியாது. ஒரே நாளில் பலரை அடக்கம் செய்த குருவானவர்கள் அன்று அழுதிருந்தால் குழி வெட்டியிருக்க முடியாது. எஞ்சிய பிள்ளைக்குச் சோறு சமைக்க வேண்டிய தாய், இறந்த பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி போலப் பேசுவாள். அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எங்கள் வாவியின் முகத்துவாரத்தை நினையுங்கள். கோடையில் அங்கே மணல் மேவி வாய் அடைபடும். அந்த மணல் திட்டு கடலை வெளியே நிறுத்துகிறது. அதில் தீமை எதுவும் இல்லை. ஆனால் மாரி மழையில் வாவி பெருகும்போது அதே திட்டு வெள்ளத்தை உள்ளே மறித்துவிடுகிறது. அப்போது வாயை வெட்டிவிட வேண்டும். வெட்டப் பிந்தினால் படுவான்கரை வயல்கள் தாழும். மண் அதே மண்தான், காலம்தான் வேறு.

எப்போது வெட்டுவது என்பதே கடினமான பகுதி. அதற்கு எவரும் நாள் குறித்துக் கொடுக்க முடியாது. அடுத்தவன் மண்வெட்டியோடு வந்து பலவந்தமாக வெட்டவும் கூடாது. ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்து, "மனந்திறந்து சொல்லுங்கள்" என்று முகாம்களில் கொப்பியோடு நின்ற சிலரைக் கண்டிருக்கிறேன். அதுவும் இன்னொரு வகை விளக்கந்தான்.

எங்கள் மண்ணில் இது தனிமனிதரின் பழக்கமாக மட்டும் இல்லை; ஒரு சமூகமே இப்படிப் பேசப் பழகிவிட்டது. 1990ஆம் ஆண்டு புரட்டாதி 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டனர். இந்த எண்களை எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். எண்கள் வேண்டும், அவற்றை மறைப்பதற்கும் குறைப்பதற்கும் ஆட்கள் இருக்கும்வரை நாங்கள் சரியாகச் சொல்லத்தான் வேண்டும். ஆணைக்குழுவின் முன் கண்ணீர் சாட்சியாகாது, திகதிதான் சாட்சியாகும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திகதியையே சொல்லிச் சொல்லி, 158 என்று சொல்லும்போது குரலில் எதுவும் நேராத நிலைக்கு வந்துவிட்டோம்.

அழுவதற்கு இடமில்லாத அந்தக் காலத்தில் மட்டக்களப்புத் தாய்மார் எங்கே போனார்கள் என்பதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றிஷியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர்கள் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். தெய்வமேறி ஆடுபவர் முன் நின்று, பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்டார்கள். காணாமற் போனவனின் வேதனையைத் தெய்வமாடுபவர் தம் உடலிலேயே காட்டினார். எங்கள் கத்தோலிக்கத் தாய்மாரும் அங்கே போனதுண்டு. நாங்கள் அதைக் கண்டித்ததும் உண்டு. கோட்பாட்டை நான் இங்கே விவாதிக்கவில்லை. எங்கள் பங்கு மனைகளில் நாங்கள் அவர்களுக்கு ஆறுதலான கருத்துகளைக் கொடுத்தோம். அங்கே யாரோ அவர்களோடு சேர்ந்து துடித்தார்கள். அந்த வித்தியாசத்தை நாங்கள் யோசிக்க வேண்டாமா? யோசித்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார், கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டி நடித்தார்கள். விளக்கவுரைக்கு அங்கே முதலிடம் கொடுக்கப்படவில்லை.

இவ்வளவும் எழுதிய பின், எழுதாமல் விட்டதை எழுத வேண்டும். அதே 1990இல், வேறோர் ஊரில், என் தாயின் தம்பி சந்தைக்கென்று சைக்கிளில் போனவர் வீடு திரும்பவில்லை. எனக்குப் பத்து வயது. காணாமற் போனோரைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன், எழுதியுமிருக்கிறேன். ஒரு தடவையேனும் அவரைச் சொன்னதில்லை. புறநிலையாக எழுத வேண்டும் என்பது நான் எனக்கே சொன்ன காரணம்.

ஒவ்வொரு கார்த்திகையிலும், மரித்த விசுவாசிகள் திருநாளுக்குப் பெயர் எழுதும்போது, அம்மா தகப்பன், தாய், மாமியார் எல்லாருடைய பெயரையும் தருவார். தம்பியின் பெயரைத் தரமாட்டார். நானும் ஒவ்வோராண்டும் வாதிடுவேன். உயிரோடிருந்தாலும் செபம் வீண்போகாது என்பது முதலாவது. இத்தனை ஆண்டு கடந்தபின் நிகழக்கூடியது எது என்பது இரண்டாவது. ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் பத்திரம் வழங்க 2016இல் சட்டமே வந்துவிட்டது என்பது மூன்றாவது. அம்மா ஒரு தடவை மட்டும் பதில் சொன்னார்: "பேரை எழுதினா நானே அவனைக் கொன்றமாதிரி மனே."

போன கார்த்திகையில் நான் கடதாசியோடு போய் இருந்தேன். மூன்று நியாயங்களும் வாயில் தயாராக நின்றன. ஏனோ தெரியவில்லை, "மாமா எப்படியம்மா சிரிப்பார்?" என்று கேட்டுவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைப் பற்றி நான் கேட்ட முதற் கேள்வி அதுதான். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சிரிக்கும்போது அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொள்வார், முன்பல் உடைந்திருந்தது என்றார். அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தப் பல் உடைந்தது என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு விழுந்த அன்றைக்கு. அம்மா அழத் தொடங்கினார். கடதாசி மடியிலிருந்து கீழே விழுந்தது. நாங்கள் இருவரும் அதை எடுக்கவில்லை.